நாணயத்துக்கு மார்க்

எங்கள் தெரு முனையில், வேப்பமரத்தடியில், தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறவர் ஒருவர் இருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேலாக அதே மரம், அதே வண்டி. சென்ற மாதம் ஒரு நாள் சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அது துணி வாங்க வருகிற நேரம் அல்ல. கையில் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது.

"சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

விஷயம் இதுதான். மரம் நிற்கிற மனையில் கட்டடம் வரப்போகிறது. வண்டியை எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு கடை கிடைக்கிறது. அட்வான்ஸ் 50,000 ரூபாய். கடன் கேட்டு ஒரு பாங்குக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த இளைஞர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத்தான், "உங்களுக்கு ஸ்கோரே இல்லையே ஐயா" என்று சொல்லி, அந்தக் காகிதத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார். காகிதத்திலும் அதுதான் இருந்தது: கடன் சரித்திரம் இல்லை.

நான் படித்துச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்:

"மார்க்கு கம்மின்னா ஒத்துக்கலாம் சார். மார்க்கே இல்லேங்கறாங்க. நான் பரீட்சையே எழுதலியே, மார்க்கு எப்படி வரும்?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் போன பிறகு என்னுடைய மார்க்கைப் பார்த்தேன். கையிலிருக்கும் போனிலேயே பார்த்துவிடலாம். 787. வகுப்பில் முதலாவதாக வந்த பையனைப் போல ஒரு கணம் மார்பு நிமிர்ந்தது. மறு கணமே வெட்கமாகப் போய்விட்டது. அந்த வெட்கத்துக்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மார்க் என்பதுதான் என்ன? நகல் எடுப்பதற்கு ஜெராக்ஸ் என்று பெயர் வந்துவிட்டதைப் போல, நம் நாட்டில் இதற்கு 'சிபில்' என்றே பெயராகிவிட்டது. சிபில் என்பது 2000-ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஒரு கம்பெனி. இந்தத் தொழிலுக்கென்று 2005-இல் ஒரு சட்டம் வந்தது. இப்போது ரிசர்வ் பாங்கின் அனுமதியோடு நான்கு கம்பெனிகள் இதைச் செய்கின்றன. கடன் கொடுக்கிற பாங்குகளும் மற்ற ஸ்தாபனங்களும், தங்களிடம் வாங்கியவர் யார், எவ்வளவு வாங்கினார், எந்த மாதம் கட்டினார், எத்தனை நாள் தாமதித்தார் என்பதையெல்லாம் இந்தக் கம்பெனிகளுக்கு எழுதி அனுப்புகின்றன. அவற்றைக் கூட்டிக் கழித்து, 300-லிருந்து 900-க்குள் ஓர் எண்ணை நம் தலையில் எழுதிவிடுகிறார்கள். 750-க்கு மேலே இருந்தால் பாங்கில் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரச் சொல்லுவார்கள்.

எதையெதைப் பார்க்கிறார்கள்? தவணையைத் தேதி தவறாமல் கட்டினாயா? கிரெடிட் கார்டில் உனக்கு அனுமதித்த தொகையில் எவ்வளவை எடுத்துச் செலவழித்திருக்கிறாய்? எத்தனை வருஷமாகக் கடன் பழக்கம்? என்னென்ன மாதிரிக் கடன்கள்? சமீபத்தில் எத்தனை இடங்களில் போய்க் கடன் கேட்டாய்? அமெரிக்காவில் இந்த முறையைப் பிரபலப்படுத்திய பைக்கோ என்ற கம்பெனி, எதற்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் வெளியிட்டிருக்கிறது. 100-க்கு 35 பங்கு தவணை ஒழுங்குக்கு. 30 பங்கு பாக்கி நிற்கும் தொகைக்கு. 15 பங்கு கணக்கின் வயதுக்கு. புதிதாகக் கேட்கும் கடனுக்கு 10, கடன் வகைகளுக்கு 10.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? உங்கள் சம்பளம் இதில் இல்லை. உங்கள் சேமிப்பு இல்லை. மளிகைக்கடைப் பாக்கியை மாதாமாதம் தீர்க்கிறீர்களா, சீட்டுப் பணத்தை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்பது இல்லை. கடன் வாங்கிப் பழகியவன் எப்படிக் கடன் வாங்கினான் என்பது மட்டும்தான் இருக்கிறது. ஆயுள் முழுவதும் யாரிடமும் கை நீட்டாதவன் இந்தக் கணக்கில் யோக்கியன் அல்ல, அவன் அந்நியன். கடன் படாமல் வாழ வேண்டும் என்று நமக்குப் பிள்ளைப் பிராயத்திலிருந்து சொல்லி வைத்தார்கள். அப்படியே வாழ்ந்து முடித்தவனைப் பார்த்து, "உன்னைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்கிறது இந்த எண்.

ஆனாலும் எடுத்த எடுப்பில் இதைத் திட்டிவிடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. இது எப்படிப் பிறந்தது என்று பார்த்தால் இதன் பக்கத்து நியாயமும் தெரியும்.

நியூயார்க் நகரத்தில் லூயிஸ் டாப்பன் என்று ஒரு பட்டு வியாபாரி இருந்தார். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். 1837-இல் ஏற்பட்ட பணநெருக்கடியில் அவருடைய குடும்ப வியாபாரம் படுத்துவிட்டது. கடன் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு, இனி யாருக்குக் கடன் கொடுக்கலாம் என்று சொல்லுவதே ஒரு வியாபாரமாகலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1841-இல் அதற்காக ஒரு ஸ்தாபனத்தை ஆரம்பித்தார். ஊர் ஊராக ஆட்களை வைத்து, இன்ன வியாபாரி குடிப்பவனா, குடும்பம் எப்படி, குணம் எப்படி என்று எழுதி வாங்கிப் பெரிய பெரிய பேரேடுகளில் பதிந்து வைத்தார்கள். பிற்காலத்தில் சாதாரண ஜனங்களைப் பற்றியும் இம்மாதிரிக் கோப்புகள் பெருகின. அவற்றில் வம்பும் வதந்தியும் கலந்திருந்தன. தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமையை, 1970-இல் ஒரு சட்டம் வந்துதான் அங்கே மனிதனுக்குக் கொடுத்தது.

இதற்கு நடுவே 1956-இல், பில் பேர் என்ற என்ஜினீயரும் எர்ல் ஐசக் என்ற கணித நிபுணரும் ஆளுக்கு 400 டாலர் போட்டு ஒரு கம்பெனியை ஆரம்பித்தார்கள். 'ஆளைப் பார்க்காதே, எண்ணைப் பார்' என்பதுதான் அவர்களுடைய தொழிலின் சாரம். கடன் கேட்டு வருகிறவனுடைய தோலின் நிறமும், கேட்பவள் பெண் என்பதும் மானேஜரின் கண்ணை உறுத்திய காலம் அது. பெண் என்பதற்காகக் கடன் மறுக்கக் கூடாது என்று 1974-இலும், நிறத்துக்காகவும் மதத்துக்காகவும் மறுக்கக் கூடாது என்று 1976-இலும்தான் அமெரிக்காவில் சட்டம் வந்தது. மானேஜருடைய கண் பார்த்ததையெல்லாம் பார்க்காமல் இருக்கக் கூடிய ஒரு குருட்டு எண் அந்த ஜனங்களுக்கு விடுதலையாகக் கூடத் தோன்றியிருக்கலாம்.

நம் ஊரை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன வாழ்ந்தது? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் லேவாதேவி செய்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு எந்த எண்ணும் வேண்டியதில்லை. "நீ யார் மகன்?" என்று ஒரு கேள்விதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குள் ஜாதி, தெரு, நிலம், பங்காளிச் சண்டை எல்லாமே அடங்கிவிடும். அவருடைய திண்ணையில் ஏறி உட்கார்ந்து கடன் கேட்டவர்களும் உண்டு. தெருவிலேயே நின்று, தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்டவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் வட்டி ஒன்றாக இருந்ததில்லை. பெண் ஒருத்தி வந்தால், "வீட்டுக்காரனை வரச் சொல்லு" என்பார். மழை பொய்த்த வருஷத்தில், "சரி, அடுத்த அறுவடைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லவும் அவருக்குத் தெரியும். அவருக்கு ஆளைத் தெரியும். தெரிந்ததனால்தான் அன்பும் செய்தார், அநியாயமும் செய்தார்.

ஆகவே, 'அந்தக் காலத்தில் வாக்குத்தான் பத்திரம், வார்த்தைதான் ஜாமீன்' என்று கண்ணீர் வடிக்கிற கோஷ்டியில் நான் சேர மாட்டேன். ஜாதி கேட்காத எண், ஜாதி கேட்ட மனிதரைவிட மேல்தான். இதை மனப்பூர்வமாகவே சொல்கிறேன்.

அப்படியானால் இஸ்திரிக்காரருடைய கேள்விக்கு என்ன பதில்?

இந்த எண் உண்மையில் என்ன சொல்கிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். "இன்னார் நல்லவர், இன்னார் கெட்டவர்" என்று அது சொல்லவில்லை. "இவரைப் போன்ற கணக்குள்ள ஆயிரம் பேரில் இத்தனை பேர் தவணை தவறினார்கள், ஆகையால் இவரும் தவறுவதற்கு இவ்வளவு இடம் இருக்கிறது" என்றுதான் சொல்கிறது. அது கும்பலைப் பற்றிய ஊகம். ஊகத்தை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்வதில் தவறில்லை. பாங்கிலிருக்கும் பணமும் யாரோ உழைத்துச் சேர்த்து வைத்த பணம்தான். திரும்பி வராது என்று தோன்றுகிற இடத்தில் அதைக் கொடுக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் ஊகமாகப் பிறந்தது தீர்ப்பாக வளர்ந்துவிடுகிறது. அங்கேதான் எனக்கும் அதற்கும் வழக்கு.

முதலாவது, அது 'எத்தனை நாள் தாமதம்' என்று எழுதிக்கொள்கிறது. 'ஏன்' என்று கேட்பதில்லை. சூதாடித் தோற்றவனுடைய அறுபது நாளும், மனைவிக்கு ஆபரேஷன் செய்தவனுடைய அறுபது நாளும் அதற்கு ஒரே அறுபது நாள்தான். மார்க் குறைந்தவனுக்குக் கடன் கிடைக்காது, கிடைத்தாலும் வட்டி அதிகம். வட்டி அதிகமானால் மறுபடியும் தவணை தவறும். சறுக்கியவனுக்குப் படிக்கட்டை இன்னும் உயரமாகக் கட்டி வைக்கிற ஏற்பாடு இது.

இந்த எந்திரத்துக்கு 'ஏன்' என்பது புரியவே புரியாதா என்றால், அப்படியும் இல்லை. 2020-இல் கொரோனா வந்து ஊர் அடங்கியபோது, ஆறு மாதத் தவணைகளைத் தள்ளிப்போட ரிசர்வ் பாங்க் அனுமதித்தது. அப்படித் தள்ளிப்போட்டது யாருடைய கடன் சரித்திரத்தையும் கெடுக்கக் கூடாது என்றும் உத்தரவு போட்டது. எந்திரம் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது. ஊருக்கெல்லாம் கஷ்டம் வந்தால் காரணம் கேட்கிறோம். ஒருவனுக்கு மட்டும் கஷ்டம் வந்தால் கேட்பதில்லை. வெள்ளம் எல்லார் வீட்டிலும் புகுந்தால் அது வெள்ளம். என் ஒருவன் வீட்டுக் கூரை மட்டும் ஒழுகினால் அது என் குற்றம். இந்தக் குறை எந்திரத்தினுடையதா, நம்முடையதா?

இரண்டாவது, எழுதுகிறவர்கள் தப்பாகவும் எழுதுவார்கள். அமெரிக்காவில் அரசாங்க ஸ்தாபனம் ஒன்று ஆராய்ந்து, 2013-இல் வெளியிட்ட அறிக்கையில், ஐந்து பேரில் ஒருவருடைய கடன் குறிப்பு ஒன்றிலாவது பிழை இருந்ததாகச் சொல்லியிருக்கிறது. நம் நாட்டில் புகார் கொடுத்து முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு தர வேண்டும் என்ற விதி 2024 முதல் அமலில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் புகார் கொடுக்க, முதலில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரிய வேண்டும். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தவர் எத்தனை பேர்? ஒருவர்தானே?

மூன்றாவது, இந்த எண் தன் வீட்டை விட்டு வெளியே கிளம்பிவிட்டது. பொதுத்துறை பாங்க் ஒன்றில் வேலைக்குத் தேர்வான ஒருவருடைய நியமனத்தை, அவருடைய பழைய கடன் குறிப்பு சரியில்லை என்பதற்காக ரத்து செய்தார்கள். அது சரியே என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுமக்கள் பணத்தைக் கையாளுகிறவனுக்குத் தன் பணத்தில் ஒழுங்கு இருக்க வேண்டாமா என்பது கோர்ட்டின் வாதம். வேலைக்கான விளம்பரத்திலேயே அந்த நிபந்தனை இருந்தது என்பதும் வாஸ்தவம். வாதத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடனைத் தீர்க்க ஒருவனுக்கு வேண்டியது சம்பளம். கடன் பட்டவன் என்பதற்காகச் சம்பளத்தை மறுத்தால் அவன் எங்கே போவான்? இதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2023-இல், கேரள உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில், மார்க் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு மாணவனின் படிப்புக் கடனை மறுக்கக் கூடாது என்று சொல்லிற்று. மாணவனுக்கு இனிமேல் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று அந்தக் கோர்ட் பார்த்தது. எந்த மனிதனுக்குத்தான் இனிமேல் ஒரு வாழ்க்கை இல்லை?

இஸ்திரிக்காரரைப் போல எந்தச் சரித்திரமும் இல்லாதவரை, முதல் முறை கேட்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடக் கூடாது என்று ரிசர்வ் பாங்க் சொல்லியிருப்பதாக, 2025-இல் மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே தெரிவித்தது. பாங்குக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்த இளைஞருக்கு அது எட்டவில்லை போலும்.

"அப்படியானால் எல்லாவற்றையுமே கணக்கில் சேர்த்துவிட்டால் போகிறது! கரண்டு பில், வீட்டு வாடகை, சீட்டு, டீக்கடைப் பாக்கி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டால் இஸ்திரிக்காரருக்கும் மார்க் வந்துவிடுமே?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. போன் மூலம் கடன் கொடுத்த சில கம்பெனிகள், வாங்கியவனுடைய போனிலிருந்த நம்பர்களையெல்லாம் எடுத்து, மாமனாரையும் மைத்துனியையும் கூப்பிட்டு அவமானப்படுத்தியதை நாம் பார்த்தோம். அப்புறம்தான் 2022-இல் ரிசர்வ் பாங்க் அதைத் தடுத்து விதி செய்தது. கடன் கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏழை தன் அடுப்பங்கரை வரைக்கும் கதவைத் திறந்து காட்ட வேண்டுமா? பணக்காரன் எதையும் காட்டாமலே வாங்குகிறானே!

இப்போது என் வெட்கத்துக்கு வருகிறேன்.

நம் தமிழில் 'நாணயம்' என்ற ஒரே சொல் காசுக்கும் பெயர், யோக்கியதைக்கும் பெயர். காசு விஷயத்தில்தான் மனிதனுடைய யோக்கியதை தெரியும் என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள். எனக்கு 787 மார்க். வீட்டுக் கடன் தவணை மாதாமாதம் 5-ஆம் தேதி, என்னைக் கேட்காமலே என் கணக்கிலிருந்து போய்விடுகிறது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. அதே சமயம், அன்று சாயங்காலம் என் வாசலில் காகிதத்தோடு நின்றாரே, அந்த இஸ்திரிக்காரருக்கு நான் மூன்று மாதப் பாக்கி. ஏறக்குறைய 2,000 ரூபாய். பணம் இல்லாமல் அல்ல. 'சில்லறை இல்லை', 'அடுத்த வாரம் பார்க்கலாம்', 'ஊருக்குப் போய்விட்டு வருகிறேன்' என்று நாள் ஓடிவிட்டது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், தன் காகிதத்தை மட்டும் படித்துச் சொல்லச் சொன்னார்.

பாங்குக்கு நான் நாணயஸ்தன். ஏனென்றால் பாங்க் என்னைப் பற்றி எழுதும். இஸ்திரிக்காரர் எழுத மாட்டார். அவர் எழுதினால் வாங்கிக்கொள்ள எந்தக் கம்பெனியும் இல்லை. எழுதக் கூடியவனிடம் ஒழுங்காகவும், எழுத முடியாதவனிடம் அலட்சியமாகவும் இருந்திருக்கிறேன். பயந்த இடத்தில் பயந்ததற்குத்தான் எனக்கு 787 மார்க். இதை நாணயம் என்று சொல்ல என் நாக்கு கூசுகிறது.

இந்த எண் நியாயமானதா என்று கேட்டால், இப்போது நான் சொல்லக் கூடிய பதில் இது. கடன் கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு ஒரு தராசாக அது இருக்கட்டும். நிறுக்கப்படுகிறவன் தராசைப் பார்க்கட்டும். எடை தப்பு என்று சொல்ல அவனுக்கு வாய் இருக்கட்டும். சொன்னால் கேட்பதற்கு எதிரே ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கட்டும். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு அதிகாரம் கிடையாது. "உனக்குக் கடன் கிடையாது" என்று சொல்ல ஒரு பாங்குக்கு உரிமை உண்டு. "உனக்கு நாணயம் கிடையாது" என்று சொல்ல எந்தக் கம்பெனிக்கும் உரிமையில்லை. அதைச் சொல்லக் கூடியவர்கள், நம்மிடம் எந்தப் பத்திரமும் எழுதி வாங்காமல் நம்மை நம்பியவர்கள் மட்டும்தான். என்னைப் பற்றி அதைச் சொல்ல இஸ்திரிக்காரருக்கு உரிமை உண்டு. அவர் சொல்லவில்லை என்பது அவருடைய பெருந்தன்மை.

மறுநாள் காலையில் பணத்தை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன்.

"ரொம்ப நாள் ஆயிடுச்சு, மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"இருக்கட்டும் சார். நீங்க எங்கே போயிடப் போறீங்க?" என்று சிரித்தார்.

கடைக்கு என்ன வழி என்று விசாரித்தேன். தண்டல்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறாராம். பத்தாயிரம் என்று பேர்; கையில் கொடுக்கும்போதே ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார். தினம் நூறு ரூபாயாக நூறு நாளில் அடைக்க வேண்டும். அம்மாதிரி ஐந்து தண்டல் எடுத்தாலும் அட்வான்ஸுக்கு ஐயாயிரம் துண்டு விழும். "அவரு மார்க்கெல்லாம் கேக்க மாட்டாரு சார்" என்றார்.

"நான் வேணும்னா பாங்கில் ஜாமீன் போடட்டுமா?" என்று கேட்க வாயெடுத்தேன். அந்தக் கணத்தில், அவர் தவணை தவறினால் என்னுடைய மார்க்கும் குறையுமே என்ற நினைப்பு குறுக்கே வந்து நின்றது. இருபது வருஷமாக ஒரு சட்டையைக் கூடத் தொலைக்காதவரைப் பற்றி! எண்ணுக்குப் பயந்து வாழ்ந்தால் மனிதன் என்னவாகிறான் என்பது அப்போதுதான் எனக்கு நன்றாக விளங்கியது.

கேட்டுவிட்டேன். வருகிற திங்கட்கிழமை இருவரும் சேர்ந்து பாங்குக்குப் போகிறோம்.